வாழ்க்கைக்கு என்ன பொருள்? புத்தகங்களோடு தேடுகிறவர்களின் கேள்விகள்

“எதற்காக இதெல்லாம்?” என்ற கேள்வியோடு இலக்கியத்தையும் தத்துவத்தையும் தேடி வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். நானும் இதே கேள்வியோடுதான் படிக்கத் தொடங்கினேன். பல வருடப் படிப்பில் எனக்குப் பிடிபட்டதை, எது எந்த நூலிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொண்டே எழுதுகிறேன்.

வாழ்க்கையின் பொருள் என்ன? நேரடியாக ஒரு பதில் சொல்ல முடியுமா?

முதலில் கேள்வியையே கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். ஒரே வாக்கியமாக வந்தாலும் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இந்தப் பிரபஞ்சம் எதற்காக இருக்கிறது என்பது ஒன்று. மனித இனத்துக்கு ஏதாவது நோக்கம் உண்டா என்பது இன்னொன்று. நான் நாளைக் காலையில் எதற்காக எழுந்திருக்க வேண்டும் என்பது மூன்றாவது. இரவில் தூக்கம் வராமல் புரளும்போது நம் வாய் முதல் கேள்வியைத்தான் கேட்கிறது. உள்ளே உறுத்துவது பெரும்பாலும் மூன்றாவது. முதலாவதற்கு விடை தெரியாததால் மூன்றாவதும் அடைபட்டுப்போனதாக நினைத்துக்கொள்கிறோம். இரண்டையும் பிரித்து வைத்தாலே மூச்சு கொஞ்சம் சீராகும்.

தமிழில் இந்தக் கேள்வியைக் கேட்பதில் ஒரு வசதி இருக்கிறது. ‘பொருள்’ என்ற ஒரே சொல் அர்த்தத்தையும் குறிக்கும், கையில் தொடக்கூடிய பண்டத்தையும் குறிக்கும், செல்வத்தையும் குறிக்கும். தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் பேசுவது மனித வாழ்க்கையைத்தான்: காதல், பிரிவு, போர், கொடை. அதே நூலின் சொல்லதிகாரத்தில் ‘எல்லாச் சொல்லும் பொருள் குறித்தனவே’ என்று ஒரு சூத்திரம் வருகிறது. இலக்கணத்துக்காகச் சொன்னதுதான், ஆனால் நான் அதை இந்தக் கேள்விக்கும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு சொல் தனக்கு வெளியே உள்ள ஒன்றைக் குறிப்பதால்தான் அதற்குப் பொருள் வருகிறது. ‘மரம்’ என்ற சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்தாலும் உள்ளே மரம் கிடைக்காது. வாழ்க்கையும் அப்படித்தான் என்று நம்புகிறேன். நமக்குள்ளேயே தோண்டிக்கொண்டிருந்தால் பொருள் அகப்படுவதில்லை. நாம் எதை நோக்கி இருக்கிறோமோ அங்கிருந்து அது வருகிறது. கீழே வரும் பதில்களில் பலவும் இந்த இடத்துக்கே திரும்பி வரும்.

எனக்கு எந்தக் குறையும் இல்லை. வேலை, குடும்பம், உடல்நலம் எல்லாம் இருக்கின்றன. அப்புறம் ஏன் இந்த வெறுமை?

இந்த வெறுமை குறை உள்ள இடத்தில் மட்டும் வருவதில்லை. ரஷ்ய எழுத்தாளர் தல்ஸ்தோய்க்கு ஐம்பது வயதை ஒட்டி வந்தது. ‘போரும் அமைதியும்’, ‘அன்னா கரீனினா’ இரண்டையும் எழுதி முடித்துவிட்டார். புகழ், நிலபுலன், குடும்பம் எதற்கும் பஞ்சமில்லை. அந்தச் சமயத்தில்தான் “சரி, சமாராவில் இத்தனை நிலம் இருக்கிறது, முந்நூறு குதிரைகள் இருக்கின்றன, அப்புறம்?” என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டு பதில் தெரியாமல் நின்றதாகத் தன் ‘ஒப்புதல் வாக்குமூல’த்தில் எழுதுகிறார். ஷேக்ஸ்பியரை விடப் பெரிய புகழ் கிடைத்தாலும், அதனால் என்ன? இந்த ‘அப்புறம்’ என்ற சொல்தான் அவரைச் சாய்த்தது.

என்னை இன்னும் அதிகமாகத் தொட்டது ஆங்கிலத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லின் கதை. மூன்று வயதில் கிரேக்கம் கற்கத் தொடங்கியவர். சமூகத்தைச் சீர்திருத்த வேண்டும் என்ற ஒரே லட்சியத்துக்காகவே தந்தை அவரை வளர்த்தார். 1826-ல், இருபது வயதில், ஒருநாள் தன்னையே கேட்டுக்கொள்கிறார்: நீ விரும்பும் சீர்திருத்தங்கள் எல்லாம் இந்த நிமிடமே நடந்துவிட்டால் உனக்குப் பெரிய மகிழ்ச்சியாக இருக்குமா? உள்ளிருந்து ‘இல்லை’ என்று பதில் வந்தது. வாழ்க்கையைத் தாங்கிய அடித்தளமே சரிந்துபோயிற்று என்கிறார். தர்க்கம் அவருக்கு அத்துப்படி, ஆனால் தர்க்கத்தால் வெளியே வர முடியவில்லை. மாதக்கணக்கில் அப்படியே கிடந்தவர், ஒரு பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக்குறிப்பைப் படிக்கிறார். தந்தை இறந்துபோகிறார், சிறுவனான மகன், இனி இந்தக் குடும்பத்துக்கு எல்லாமுமாக நானே இருப்பேன் என்று உறுதி எடுக்கிறான். அந்த இடத்தில் மில்லுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நான் கல்லாகிவிடவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. 1828-ல் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளைப் படித்ததும் இன்னும் தேறினார்.

இதிலிருந்து அவர் கண்டுகொண்டது முக்கியம். மகிழ்ச்சியையே குறியாக வைத்தால் அது கிடைக்காது. பிறருடைய நலம், ஒரு கலை, ஒரு பணி என்று வேறு எதிலாவது மனம் ஊன்றியிருக்கும்போது அது வழியில் வந்து சேர்கிறது. “நான் மகிழ்ச்சியாக இருக்கிறேனா?” என்று கேட்ட அந்தக் கணமே அது நின்றுவிடுகிறது என்கிறார். உங்கள் வெறுமைக்கும் காரணம் இதுவாக இருக்கலாம்: எல்லாம் இருக்கிறது, ஆனால் கவனம் முழுக்க உங்கள் மேலேயே இருக்கிறது.

எப்படியும் எல்லோரும் சாகப்போகிறோம். லட்சம் வருடம் கழித்து நம் சுவடுகூட இருக்காது. அப்படியிருக்க எதைச் செய்து என்ன?

அமெரிக்கத் தத்துவவாதி தாமஸ் நேகல் 1971-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் இந்த வாதத்தைத் திருப்பிப் போடுகிறார். இப்போது நாம் செய்யும் எதுவும் பத்து லட்சம் வருடம் கழித்துப் பொருட்டல்ல என்றால், பத்து லட்சம் வருடம் கழித்து நடக்கப்போவதும் இப்போது பொருட்டல்ல. அப்படியானால் அந்தத் தொலைவைக் காட்டி இன்றைய வலியையும் அன்பையும் ஏன் தள்ளுபடி செய்ய வேண்டும்? குழந்தை அழுகிறது, தூக்குகிறோம். தூக்கியதற்கான காரணம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

நேகலின் வாதம் சரியானது. ஆனால் சரியான வாதத்தால் மட்டும் பயம் போவதில்லை. அதற்கு ஒரு பழைய கதை உதவும். காட்டில் துரத்தும் மிருகத்துக்குத் தப்பி ஒருவன் பாழுங்கிணற்றுக்குள் கொடியைப் பிடித்துத் தொங்குகிறான். கீழே வாய் பிளந்த பாம்பு. கொடியை எலிகள் கொறித்துக்கொண்டிருக்கின்றன. அந்த நிலையிலும் மேலே தேன்கூட்டிலிருந்து சொட்டும் துளியை நாக்கை நீட்டிச் சுவைக்கிறான். மகாபாரதத்தின் ஸ்திரீ பர்வத்தில் விதுரன் திருதராட்டிரனுக்குச் சொல்வது இது. பௌத்தர்களும் சமணர்களும் சொன்னார்கள். கைமாறிக் கைமாறி ஐரோப்பா போய்ச் சேர்ந்து, தல்ஸ்தோயின் அதே வாக்குமூலத்திலும் வருகிறது. அவர் தன் நெருக்கடியில், தேன் இனி எனக்கு இனிக்கவில்லை என்கிறார். விதுரன் சொன்னதோ, இந்த நிலையிலும் தேனுக்கு ஏங்கும் மனிதனின் மயக்கத்தைக் காட்டத்தான். நான் இந்தக் கதையை வேறு மாதிரி படிக்கிறேன். அந்தக் கிணற்றில் அவன் தனியாகத் தொங்குகிறான். பக்கத்தில் இன்னொருவர் தொங்கியிருந்தால் கதை எப்படிப் போயிருக்கும் என்ற கேள்வி என்னை விடுவதில்லை.

இலக்கியமா, தத்துவமா? எது இந்தத் தேடலுக்கு அதிகம் உதவும்?

இந்தச் சண்டை பழையது. பிளேட்டோ தன் லட்சிய அரசிலிருந்து கவிஞர்களை வெளியேற்றச் சொன்னார். அதை அவர் எழுதியது பாத்திரங்கள் பேசும் உரையாடலாக, குகைக்குள் கட்டுண்ட கைதிகளின் கதை போன்றவற்றோடு. ரோமானிய அறிஞர் போயத்தியஸ் 524-ஐ ஒட்டி, மரண தண்டனைக்குக் காத்திருந்த சிறையில் ‘தத்துவத்தின் ஆறுதல்’ எழுதினார். அதில் தத்துவம் ஒரு பெண்ணாக வந்து, அவரைச் சுற்றி நின்று அழவைத்துக்கொண்டிருந்த கவிதைத் தேவதைகளை விரட்டுகிறாள். விரட்டியவள் சொல்லும் ஆறுதலோ பாதி உரைநடை, பாதி கவிதை. அவளாலும் கவிதையை விட முடியவில்லை.

என் அனுபவத்தில் இரண்டும் வேறு வேறு வேலை செய்கின்றன. இதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான இடம் தல்ஸ்தோயின் ‘இவான் இலியிச்சின் மரணம்’ (1886). இவான் இலியிச் ஒரு நீதிபதி. எல்லோரும் வாழ்வதுபோல ஒழுங்காக, வசதியாக வாழ்ந்தவர். குணமாகாத நோயில் விழுகிறார். பள்ளிக்கூடத்தில் படித்த தர்க்கப் பாடம் நினைவுக்கு வருகிறது: கேயஸ் ஒரு மனிதன், மனிதர்கள் இறப்பவர்கள், ஆகவே கேயஸ் இறப்பான். கேயஸுக்கு அது சரிதான். ஆனால் தோல்பந்தின் வாசனையை நேசித்த, அம்மாவின் கையை முத்தமிட்ட, அவள் பட்டுப்பாவாடையின் சரசரப்பைக் கேட்ட சின்ன வான்யாவுக்கு அது எப்படிப் பொருந்தும்? தத்துவம் ‘மனிதர்கள்’ என்று சொல்லும். அந்த மனிதர்களில் நானும் ஒருவன் என்று உடம்பில் உறைக்க வைப்பது இலக்கியம்.

இந்தக் குறுநாவலை இருபது வயதில் படித்தபோது எனக்கு மரணம் மட்டுமே தெரிந்தது. நெருங்கிய ஒருவரின் நோய்ப்படுக்கைக்குப் பக்கத்தில் பல வாரம் உட்கார்ந்து எழுந்த பிறகு மறுபடி படித்தேன். அப்போதுதான் கெராசிம் கண்ணில் பட்டான். அந்த வீட்டு வேலைக்காரன். வலி குறையட்டும் என்று எஜமானின் கால்களைத் தன் தோள்மேல் வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் மற்றவர்கள் எல்லாம் சரியாகிவிடும் என்று பொய் சொல்கிறார்கள். அவன் மட்டும், எல்லோரும் ஒருநாள் போகத்தானே போகிறோம், கொஞ்சம் பாடுபட்டால் என்ன என்கிறான். வாழ்க்கையின் பொருள் பற்றி நான் படித்த எந்த வாதத்தையும்விட அந்தத் தோள் எனக்கு அதிகம் சொல்கிறது.

அதற்காகத் தத்துவத்தை விட்டுவிடவும் முடியாது. கதையில் உருகியதை வைத்துக்கொண்டு என்ன முடிவுக்கு வருகிறோம், அது சரியான முடிவுதானா என்று கேட்டுப் பார்க்க தத்துவம் வேண்டும். உணர்ச்சி நம்மை ஏமாற்றும்; அழகான வாக்கியம் அதைவிட அதிகமாக ஏமாற்றும்.

கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கு வாழ்க்கையில் பொருள் இருக்க முடியுமா?

முடியும். பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் 1945-ல் பாரிஸில் ஆற்றிய உரையில், காகிதம் வெட்டும் கத்தியைச் செய்தவர் அதன் பயனை முதலிலேயே முடிவு செய்துவிட்டார், மனிதனை அப்படி யாரும் முடிவு செய்து வைக்கவில்லை என்றார். கேட்க விடுதலையாக இருக்கும். சுமக்க ஆரம்பித்தால் பாரமும் தெரியும். பிரெஞ்சு எழுத்தாளர் கமுவின் ‘கொள்ளைநோய்’ (1947) நாவலில் வரும் மருத்துவர் ரியூவுக்கு நம்பிக்கை இல்லை. வெற்றி நிலைக்காது என்றும் தெரியும். ஆனாலும் நோயாளிகளைப் பார்க்கப் போய்க்கொண்டே இருக்கிறார். என்னைப் பொறுத்தவரை, நம்பிக்கை உள்ளவரும் இல்லாதவரும் நோயாளியின் கட்டிலருகே ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள்.

துன்பத்துக்கும் ஒரு பொருள் உண்டு என்கிறார்களே, உண்மையா?

இதைச் சொல்லும்போது மிகவும் கவனமாக இருக்க வேண்டும். இப்படிச் சொல்லும் தகுதி உள்ளவர்களில் ஒருவர் விக்டர் ஃபிராங்கல். வியன்னாவின் மனநல மருத்துவர். 1942-ல் நாஜிகள் அவரைக் குடும்பத்தோடு பிடித்துச் சென்றார்கள். ஆஷ்விட்ஸ் உட்பட நான்கு முகாம்களைக் கடந்து 1945-ல் விடுதலையானபோது பெற்றோர், சகோதரர், மனைவி யாரும் உயிரோடு இல்லை. அடுத்த வருடமே முகாம் அனுபவத்தைப் புத்தகமாக வெளியிட்டார். வாழ்க்கையிடம் என்ன பொருள் என்று நாம் கேட்பதை நிறுத்த வேண்டும். வாழ்க்கைதான் ஒவ்வொரு நாளும் நம்மிடம் கேட்கிறது, நாம் நடத்தையால் பதில் சொல்கிறோம் என்பது அவர் கருத்து. செய்யும் பணி, அன்பு, தவிர்க்கவே முடியாத துன்பத்தை எதிர்கொள்ளும் விதம் என்று மூன்று வழிகளில் பொருள் வருகிறது என்றார்.

‘தவிர்க்கவே முடியாத’ என்ற சொற்களைப் பலர் விட்டுவிட்டு மேற்கோள் காட்டுகிறார்கள். தவிர்க்கக்கூடிய துன்பத்தைத் தாங்கிக்கொண்டிருப்பதில் பெருமை ஒன்றும் இல்லை. முதலில் காரணத்தை நீக்கு என்பதுதான் அவருடைய நிலை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒருவர் தன் துன்பத்தில் பொருள் கண்டால் அது அவருடையது. அடுத்தவரின் துன்பத்தைப் பார்த்து “இதற்கும் ஒரு அர்த்தம் இருக்கும்” என்று நாம் சொல்வது பெரும்பாலும் கொடுமையாகத்தான் முடியும். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் சொல்லக்கூடிய வார்த்தை அது இல்லை. பேசாமல் பக்கத்தில் உட்காரலாம்.

இப்படிப்பட்ட புத்தகங்களைப் படித்தால் மனம் இன்னும் சோர்ந்துவிடாதா?

சோகத்தைப் பற்றி எழுதியதெல்லாம் சோர்வு தருவதில்லை. புறநானூற்றின் 194-ஆம் பாட்டில் பக்குடுக்கை நன்கணியார் ஒரே தெருவைக் காட்டுகிறார். ஒரு வீட்டில் சாப்பறை, இன்னொரு வீட்டில் மணமுழவு. ஒருத்தி பூச்சூடுகிறாள், இன்னொருத்தியின் கண்ணிலிருந்து நீர் வழிகிறது. இப்படிப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று நேராகவே சொல்லிவிட்டு, ‘இன்னாது அம்ம, இவ்வுலகம், இனிய காண்க, இதன் இயல்பு உணர்ந்தோரே’ என்று முடிக்கிறார். உலகம் கொடியது என்பதை மறைக்கவே இல்லை. அதை ஒப்புக்கொண்டவர்தான் இனியதைத் தேடிக் காணச் சொல்கிறார். நம் மனநிலையை ஒருவர் இவ்வளவு காலத்துக்கு முன்பே சொல்லிவிட்டார் என்று தெரிவதே ஒரு துணை.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டிருந்தால், சாப்பாடு பிடிக்காமல் போனால், முன்பு பிடித்த எதுவும் இப்போது தொடவே தோன்றாவிட்டால், வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், புத்தகத்தைத் தள்ளி வைத்துவிட்டு நெருங்கிய ஒருவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வு நோய் தத்துவக் கேள்வியின் குரலில் பேசும். நோய்க்குச் சிகிச்சை எடுப்பதால் கேள்வியின் மதிப்பு குறைந்துவிடாது. தெளிந்த மனதோடு அப்புறமாகவும் தேடலாம்.

பொருளைத் தேடுவது ஒருவகைச் சுயநலம் இல்லையா?

‘என் வாழ்க்கை’, ‘என் பொருள்’ என்றே நின்றுவிட்டால் ஆம். உலகம் ஏன் இன்னும் இருக்கிறது என்று கேட்டு, ‘தமக்கென முயலா நோன்தாள், பிறர்க்கென முயலுநர் உண்மையானே’ என்று பதில் சொன்னார் கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி (புறநானூறு 182). தமக்காக இல்லாமல் பிறருக்காக உழைப்பவர்கள் இருப்பதால்தான் என்கிறார். பெயரிலேயே கடலில் மறைந்த ஒருவர். நாம் முதல் பதிலில் பார்த்த சொல்லும் பொருளும் போலத்தான் இதுவும்.

தத்துவ நூல்களை எடுத்தால் பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை. எப்படிப் படிப்பது?

பத்துப் பக்கம் தாண்ட வேண்டிய அவசியமே இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போதும். மார்க்கஸ் அரேலியஸ் ரோமப் பேரரசராக இருந்துகொண்டு தனக்கென்று எழுதிய குறிப்புகள் துண்டு துண்டானவை. அவற்றை அப்படியே துண்டு துண்டாகப் படிப்பதுதான் முறை. படித்ததை மூடிவைத்து உங்கள் சொந்த வார்த்தையில் மூன்று வரி எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லை என்றால் புரியவில்லை, அவ்வளவுதான். மறுநாள் மறுபடி படிக்கலாம். சுருக்கங்களையும் மேற்கோள் தொகுப்புகளையும் நான் பரிந்துரைப்பதில்லை. முடிவை மட்டும் வாங்கிக்கொண்டு போனால் அந்த முடிவுக்கு வர ஒருவர் பட்ட பாடு நமக்குக் கிடைக்காது. மேலே ஃபிராங்கலுக்கு நேர்ந்தது அதுதான்.

மறுவாசிப்புக்கு நேரம் ஒதுக்குங்கள். ஐந்து வருடம் கழித்து அதே நூலைப் படிக்கும்போது எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதை வைத்து நீங்கள் எவ்வளவு மாறியிருக்கிறீர்கள் என்று தெரியும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

உங்களை உறுத்துவது எதுவோ அங்கிருந்து. மரணம் என்றால் இவான் இலியிச். ஒரு மாலைப்பொழுதில் முடித்துவிடலாம். கைமீறிய விஷயங்களை நினைத்து மருகுகிறீர்கள் என்றால் எபிக்டெட்டஸின் கையேடு. அடிமையாக இருந்தவர் அவர். நம் வசத்தில் உள்ளவை எவை, இல்லாதவை எவை என்ற பிரிவினையோடு அது தொடங்குகிறது. கவிதை பிடிக்கும் என்றால் புறநானூறு, நல்ல உரையோடு, நாளுக்கு ஒரு பாட்டு. படிக்கக் கடினமான ஜெர்மானியத் தத்துவவாதிகள் ஹெகலையும் ஹைடெக்கரையும் முதலில் எடுக்க வேண்டாம்.

எனக்கு வயதாகிவிட்டது. இனிமேல் தொடங்கினால் தாமதம் இல்லையா?

இளைஞன் தள்ளிப்போடக் கூடாது, முதியவன் சலித்துப்போகக் கூடாது, மனதின் நலத்துக்கு வயது முந்தியதும் இல்லை பிந்தியதும் இல்லை என்று கிரேக்கத் தத்துவவாதி எபிக்யூரஸ் தன் மாணவர் மெனோசியஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

இவ்வளவும் படித்த பிறகும் விடை கிடைக்காவிட்டால்?

பழைய மெசபடோமியாவின் கில்காமேஷ் காவியத்தில் இந்தக் கேள்வி ஏறக்குறைய நாலாயிரம் வருடத்துக்கு முன்பே வந்துவிட்டது. நண்பன் என்கிடு இறந்ததும் ஊருக் நகரத்தின் அரசன் கில்காமேஷ் சாகாவரம் தேடி உலகின் விளிம்புவரை போகிறான். வழியில் மதுவிடுதி நடத்தும் சிதுரி, நீ தேடுவது கிடைக்காது, நன்றாகச் சாப்பிடு, தூய ஆடை உடுத்து, உன் கையைப் பிடித்திருக்கும் குழந்தையைப் பார் என்கிறாள். அவன் கேட்கவில்லை. மேலும் போகிறான். கடைசியில் இளமையைத் திருப்பித் தரும் மூலிகை ஒன்று கையில் கிடைக்கிறது. குளிக்க இறங்கிய நேரத்தில் பாம்பு அதைக் கொண்டுபோய்விடுகிறது. உட்கார்ந்து அழுகிறான்.

அப்புறம் வெறுங்கையோடு ஊர் திரும்புகிறான். கூட வந்த படகோட்டி ஊர்ஷனாபியிடம், இந்த மதிலின் மேல் ஏறி நட, அடித்தளத்தைச் சோதித்துப் பார், செங்கற்களைப் பார், சுட்ட செங்கல்தானே என்று கேட்கிறான். நகரத்தையும் தோட்டங்களையும் சுட்டிக் காட்டுகிறான். போகும்போதும் அதே மதில் அங்கேதான் இருந்தது.